கான்சர்ட் ஃபார் ஜார்ஜ்: முழுக் கச்சேரியா, தியேட்டர் வடிவமா?

தனியாவர்த்தனம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மிருதங்கம் கற்றுக்கொள்கிறவள். ராக் இசை அதிகம் கேட்டதில்லை. சிவமணி சாரின் பழைய வாசிப்புகளை யூடியூபில் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு துண்டு வீடியோ வந்தது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், மேடை நிறைய நம் வாத்தியங்கள், அனுஷ்கா சங்கர் கையசைத்து நடத்துகிறார், நம் ஆட்களுக்கு நடுவே எரிக் கிளாப்டன் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார். பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனின் நினைவாக 2002இல் நடந்த கச்சேரி என்று கீழே போட்டிருந்தது. சித்தப்பாவிடம் விசாரித்தால் அவரிடம் டிவிடியே இருக்கிறது. இரண்டு டிஸ்க். ஒன்றில் முழுக் கச்சேரி, இன்னொன்றில் தியேட்டரில் வெளியான படம்.

என் கேள்விகள்: எதை முதலில் பார்ப்பது? ஜார்ஜின் பாட்டுகள் தெரியாதவர்களுக்கு இது பிடிக்குமா? அப்பாவும் கூட உட்காருவார். அவருக்குக் கர்நாடக சங்கீதம், அதை விட்டால் இளையராஜா. பாதியில் எழுந்து போய்விடாமல் இருக்க வேண்டும்.

கடற்கரைக்காற்று எழுதியது:

தியேட்டர் வடிவம்தான் சரி. பேட்டிகள், ஒத்திகைக் காட்சிகள் எல்லாம் அதில் வரும், ஆள் யார் என்று தெரியாதவர்களுக்கு அது உதவும். முழுக் கச்சேரியில் முதல் பகுதி முழுக்க இந்திய இசை. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ராக் பகுதி வரும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். நான் எப்போதும் ராக் பாடகர் டாம் பெட்டி வரும் இடத்திலிருந்து போட்டுக்கொள்வேன்.

ரிதம்கிட்டார் எழுதியது:

தங்கச்சி, முழுக் கச்சேரியை முதலில் பாருங்கள். ஆரம்பத்திலிருந்து, வரிசை மாற்றாமல். கடற்கரைக்காற்று சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் கல்யாணக் கச்சேரிகளில் மெல்லிசைக் குழுவோடு ரிதம் கிட்டார் வாசிக்கிறவன். இந்தக் கச்சேரியை நான் பார்க்கும் கண் அந்த இடத்திலிருந்து வருவது.

ஜார்ஜ் இறந்தது 2001 நவம்பர் 29. கச்சேரி நடந்தது 2002 நவம்பர் 29. சரியாக ஒரு வருடம். நம் வீடுகளில் தலைத்திவசத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடுவது போலத்தான் அன்று அங்கே கூடினார்கள். மனைவி ஒலிவியாவும் மகன் தானியும் முன்னின்று ஏற்பாடு செய்ய, இசைப் பொறுப்பைக் கிளாப்டன் எடுத்துக்கொண்டார். அதனால்தான் கச்சேரி ராக் பாட்டில் தொடங்கவில்லை, 'சர்வேஷாம்' என்ற சமஸ்கிருத வேண்டுதலில் தொடங்குகிறது. அந்தச் சுலோகம் 1997இல் வந்த சிதார் மேதை ரவிசங்கரின் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' ஆல்பத்தில் இருக்கிறது. அதைத் தயாரித்தவர் ஜார்ஜ். அதன் பதிவில் ஒரு பகுதி நம் சென்னையில் நடந்தது, மீதி இங்கிலாந்தில் அவர் வீட்டில். ஆக, முதல் ஐந்து நிமிடத்திலேயே உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த உலகத்துக்குள் வந்துவிடுவீர்கள்.

அப்புறம் ரவிசங்கர் பேசுகிறார். அப்போது அவருக்கு 82 வயது. அவர் வாசிக்கவில்லை. ஜார்ஜ் அவருக்குச் சீடர், நண்பர், கிட்டத்தட்ட மகன். வாசிப்பை 21 வயது மகள் அனுஷ்காவிடம் கொடுத்துவிட்டு, இந்த நாளுக்கென்றே 'அர்ப்பண்' என்று ஒரு பெரிய உருப்படி எழுதித் தந்திருக்கிறார். நீங்கள் பார்த்த துண்டு அதிலிருந்துதான். 20 நிமிடத்துக்கு மேல் போகும். நம் வாத்தியங்களோடு மேற்கத்திய வயலின் கூட்டமும் கோரஸும் சேர்ந்துகொள்கின்றன. விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணை, அதாவது கிட்டாரை மாற்றியமைத்த வாத்தியம், இருக்கிறது. பாடுகிறவர்களில் ஓ. எஸ். அருண், அனுராதா கிருஷ்ணமூர்த்தி இருவரும் இருக்கிறார்கள். மிருதங்கம் எம். பாலச்சந்தர். உங்கள் காது தானாக அங்கே போய்விடும், நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நேரம் கிளாப்டனையும் கவனியுங்கள். உலகமே கொண்டாடுகிற கிட்டார்காரர், எலெக்ட்ரிக்கை வைத்துவிட்டு அகௌஸ்டிக்கோடு அந்தக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார். அனுஷ்காவின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் முறை வரும்போது வாசிக்கிறார், முடிந்ததும் அடங்கிவிடுகிறார். மேடையில் இதைவிடக் கடினமான வேலை கிடையாது என்பது என் அனுபவம். இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு ராக்குக்குப் போனால், அங்கே எல்லோரும் ஏன் அவ்வளவு அடக்கமாக வாசிக்கிறார்கள் என்பது பிடிபடாது. கச்சேரியின் குணத்தை முதல் பகுதிதான் தீர்மானிக்கிறது.

ராக் பகுதியில் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கிட்டத்தட்ட யாரும் பாட்டை மாற்றவில்லை. மெல்லிசை மேடையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது 'ரிக்கார்டில் எப்படி இருக்கோ அப்படி' என்பதுதான். இன்டர்லூடில் ஒரு பிட் விட்டுப்போனாலும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் கண்டுபிடித்துவிடுவார். பெரிய கலைஞர்களுக்கு இது பொருந்தாது என்று நினைப்போம். இங்கே ஜெஃப் லின், ஆல்பர்ட் லீ, ஆண்டி ஃபேர்வெதர் லோ, கிளாப்டன் என்று ஒவ்வொருவரும் தனி ஆளாக ஒரு அரங்கை நிறைக்கக்கூடியவர்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு கிட்டார் மேடையில் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஜார்ஜ் எந்த இடத்தில் எந்தச் சுரத்தை வைத்தாரோ அது அங்கேயே இருக்கிறது. தங்கள் கைவரிசையைக் காட்ட இத்தனை இடம் இருந்தும் காட்டாமல் விட்டார்களே, அந்த மரியாதைதான் எனக்கு இந்தக் கச்சேரி. மற்ற நினைவுக் கச்சேரிகளும் பார்த்திருக்கிறேன். பல இடங்களில் வந்தவர் தன் பாணியில் பாட்டை வளைப்பார், கைதட்டலும் அவருக்கே போகும். அதில் தவறு இல்லை, ஆனால் இறந்தவர் ஓரமாகிவிடுகிறார்.

அந்தக் கிட்டார் வரிசையில் ஒரு 24 வயதுப் பையன் நிற்பான். அப்பாவின் முகத்தை அப்படியே உரித்து வைத்திருக்கும். அதுதான் தானி. ராக் பகுதி நெடுக பெரியவர்களோடு நின்று அகௌஸ்டிக் வாசிக்கிறான், கோரஸ் பாடுகிறான். அவனை முன்னால் இழுத்து ஒரு பாட்டைத் தனியாகப் பாடச் சொல்லியிருந்தால் அரங்கமே எழுந்து நின்றிருக்கும். அதைச் செய்யவில்லை, அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. தானி மேடையில் நிற்பதைப் பார்த்தால் ஜார்ஜ் இளமையாகவே இருந்துவிட்டு நாம்தான் கிழவர்களாகிவிட்டோம் போலிருக்கிறது என்று ஒலிவியா சொன்னதாக, ஜார்ஜோடு பீட்டில்ஸில் இருந்த பால் மெக்கார்ட்னி மேடையிலேயே சொல்கிறார். அந்த இடத்தில் என் மனைவி டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டாள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொடர்ந்தோம்.

பாட்டுகள் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். மூன்று இடங்களுக்கு மட்டும் பின்கதை தெரிந்திருந்தால் போதும்.

'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்.' 1968இல் பீட்டில்ஸ் பதிவு செய்தபோது லீட் கிட்டார் வாசிக்க வெளியிலிருந்து கிளாப்டனை ஜார்ஜ் கூட்டிவந்தார். பியானோ பால், டிரம்ஸ் ரிங்கோ ஸ்டார். 2002 மேடையிலும் லீட் கிளாப்டன், பியானோ பால், டிரம்ஸில் ரிங்கோ. 34 வருடம் கழித்து அதே கைகள், அதே வாத்தியங்கள். பாடினவர் மட்டும் இல்லை. அந்த இடத்தைக் கிளாப்டன் எடுத்துப் பாடுகிறார். கடைசியில் வரும் கிட்டாரில்தான் அன்றிரவு முழுக்க அடக்கி வைத்திருந்ததை அவர் விடுகிறார். அது அவருடைய இடம், அவர் முதலில் வாசித்த இடம், அதனால் விடலாம்.

'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்.' 1969 தொடக்கத்தில் பீட்டில்ஸ் ஒத்திகைகளுக்கு ஜார்ஜ் இதைக் கொண்டுவந்தார். பல தடவை வாசித்துப் பார்த்தும் அப்போது வந்த அவர்களின் எந்த ஆல்பத்திலும் அது ஏறவில்லை. 1970இல் அவர் தனியாக வெளியிட்ட ஆல்பத்துக்கு அதுவே பெயரானது. இங்கே அதைப் பாடுவது பால். அவர் எதையும் விளக்கவில்லை, பாடுகிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது 'போட்டோகிராஃப்'. ரிங்கோவும் ஜார்ஜும் சேர்ந்து எழுதியது, 1973இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பிரிந்துபோனவளின் போட்டோ மட்டும் கையில் மிஞ்சியிருக்கிறது என்ற காதல் பாட்டு. மேடைக்கு மேலே ஜார்ஜின் பெரிய படம் தொங்க, அதன் கீழே நின்று ரிங்கோ பாடும்போது அது காதல் பாட்டாக இருப்பதில்லை.

'ஹார்ஸ் டு த வாட்டர்' வரும்போது எழுந்து போய்விடாதீர்கள். ஜார்ஜ் தானியோடு சேர்ந்து எழுதிய பாட்டு, கடைசியாகப் பதிவு செய்ததும் அதுதான், 2001 அக்டோபரில், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால். பாடும் சாம் பிரவுன் தொண்டை கிழியப் பாடுகிறார். பலர் இவரைப் பற்றிப் பேசுவதே இல்லை, எனக்கு வருத்தம்.

தியேட்டர் வடிவத்தை டேவிட் லேலண்ட் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் இந்திய இசைப் பகுதி சுருங்கிவிடுகிறது, பாட்டுகளுக்கு நடுவே பேச்சு வருகிறது. கச்சேரியைப் பார்த்துவிட்டு மறுநாள் அதைப் போடுங்கள். அப்போது பேசுகிற ஒவ்வொருவரும் உங்களுக்குத் தெரிந்த ஆட்களாக இருப்பார்கள்.

கடற்கரைக்காற்று எழுதியது:

நீங்கள் சொன்ன பிறகு கிளாப்டனின் முகத்துக்காகவே 'அர்ப்பண்' பகுதியைத் திரும்பப் போட்டேன், அழகுதான். இருந்தாலும் ராக் பழக்கமில்லாத வீட்டில் பேட்டிகளோடு தொடங்குவது நல்லது என்பதில் மாற்றமில்லை. பில்லி பிரஸ்டன் யார் என்று தெரியாமல் 'மை ஸ்வீட் லார்ட்' கேட்டால் பாதிதானே கிடைக்கும்? அந்தப் பாட்டை ஜார்ஜுக்கு முன்பே 1970இல் தன் ஆல்பத்தில் வெளியிட்டவர் அவர். ஜார்ஜ்தான் அதைத் தயாரித்ததும்.

இன்னொன்று, அப்பாவோடு பார்ப்பதால் சொல்கிறேன். 'அர்ப்பண்' முடிந்ததும் மான்டி பைத்தன் நகைச்சுவைக் குழு வரும். முதல் பாட்டே கொச்சையானது, முடிவில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்புவார்கள், பின்பக்கம் துணி இருக்காது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாவர்த்தனம் எழுதியது:

இருவருக்கும் மிகவும் நன்றி. அந்தக் குழு ஏன் அங்கே? நினைவு நாளில், அதுவும் சுலோகத்துக்கும் சிதாருக்கும் பின்னால்? சிவமணி சார் 'அர்ப்பண்' தவிர வேறு எங்காவது வருகிறாரா? இன்னொரு கேள்வியும் உண்டு. ராக் பகுதியில் இரண்டு டிரம் செட் ஒரே நேரத்தில் வாசிப்பது போல ஒரு காட்சியில் தெரிந்தது. உண்மையிலேயே இரண்டு பேரும் வாசிக்கிறார்களா?

ரிதம்கிட்டார் எழுதியது:

மான்டி பைத்தன் இல்லாமல் ஜார்ஜை நினைக்க முடியாது. 1979இல் வெளியான அவர்களுடைய 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்துக்குப் பணம் போட வந்த கம்பெனி கடைசி நேரத்தில் பின்வாங்கியது. ஜார்ஜ் தன் வீட்டையே அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு காரணம் இல்லை. அதிலிருந்துதான் அவருடைய படக் கம்பெனி ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ் வளர்ந்தது. சாமி கும்பிட்ட மனுஷன், விழுந்து விழுந்து சிரிக்கவும் சிரித்தவர். இரண்டையும் ஒரே மேடையில் வைத்தது ஒலிவியா அவரை முழுசாக அறிந்தவர் என்பதைக் காட்டுகிறது. அடுத்து வரும் மரம்வெட்டி பாட்டில் கனடா போலீஸ் உடுப்பில் நிற்பவர்களில் டாம் ஹாங்க்ஸைத் தேடிப் பாருங்கள். அப்பாவும் சிரிப்பார்.

சிவமணியை 'அர்ப்பண்' பகுதியில்தான் பார்க்க முடியும். டிரம்ஸ் விஷயம்: ஆமாம், இரண்டு பேரும் வாசிக்கிறார்கள். ரிங்கோ ஒருவர், ஜிம் கெல்ட்னர் மற்றவர். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ஜார்ஜும் ரவிசங்கரும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய கச்சேரியிலும் இதே இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் வாசித்தார்கள். கெல்ட்னர் ரிங்கோவின் அடிக்கு மேல் போகவே மாட்டார், காலப்பிரமாணத்துக்குத் தாங்கலாக நிற்பார். மிருதங்கத்துக்குப் பக்கத்தில் கஞ்சிரா வாசிக்க நேர்ந்தால் உங்களுக்கு இது பயன்படும்.

அடுத்து என்ன பார்ப்பது என்று அப்பா கேட்டால் 1974 கச்சேரியைத் தேடுங்கள். ஜார்ஜ் செலவில் ரவிசங்கர் இந்தியாவிலிருந்து ஒரு பெரிய குழுவையே அழைத்துப்போய் இதே ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடத்தியது. அந்தக் குழுவில் வயலின் எல். சுப்பிரமணியம், மிருதங்கம் டி. வி. கோபாலகிருஷ்ணன், பின்னாளில் இளையராஜாவுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்த அதே டிவிஜி. 2010இல் வந்த 'கொலாபரேஷன்ஸ்' என்ற பெட்டியில் அதன் டிவிடி இருக்கிறது. தனியாகக் கிடைப்பது கஷ்டம், பழைய டிஸ்க் விற்பவர்களிடம் பெட்டியாகக் கேளுங்கள்.