அமெலியா பீபடியின் குடை

குழு: நெல்லைக் குடும்பம்

நித்யா, மாலை 6.12
பெரியம்மா, நீங்கள் கொடுத்த எலிசபெத் பீட்டர்ஸின் 'க்ரோக்கடைல் ஆன் த சாண்ட்பேங்க்' நாவலில் பாதியைத் தாண்டிவிட்டேன். 1884ஆம் ஆண்டில் நடக்கும் காதல் மர்மக் கதை என்றதும், பயந்து நடுங்கி மயங்கி விழும் நாயகி ஒருத்தியைத்தான் எதிர்பார்த்தேன். இந்த அமெலியா பீபடியோ, 32 வயதில், தந்தை விட்டுச் சென்ற சொத்துக்காகத் தன்னை மணக்க வந்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டு, குடையும் மருந்துமாக எகிப்துக்குக் கிளம்பிவிடுகிறாள். மயங்கி விழுகிற பெண்ணும் கதையில் உண்டு. ரோம் நகரத்து இடிபாடுகளுக்கு நடுவில் அவளைத் தூக்கி நிறுத்துவதே அமெலியாதான். தயவுசெய்து யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

செல்வம் மாமா, மாலை 6.20
நான் சொல்ல வேண்டியதே இல்லை, நித்யா. இரவில் கூடாரத்தைச் சுற்றி நடமாடும் மம்மி யார் என்பது எனக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது. துப்பறியும் கதை என்றால் கடைசி அத்தியாயம் வரையில் வாசகனைத் திணறடிக்க வேண்டும். இதைச் சிரிப்புக் கதை என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

கோமதி பெரியம்மா, மாலை 6.34
தம்பி, மம்மி யார் என்பதைக் கண்டுபிடிப்பதற்காக நான் அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கவில்லை. கதையைச் சொல்பவள் அமெலியா. எமர்சன் என்ற அந்த அகழாய்வாளரின் கூச்சலும் தாடியும் தனக்குச் சற்றும் பிடிக்கவில்லை என்று அவள் நம்மிடம் சத்தியம் செய்யாத குறைதான். ஆனால் அவர் எங்கே நிற்கிறார், எப்படிக் கோபப்படுகிறார், காய்ச்சலில் கிடக்கும்போது எப்படி இருக்கிறார் என்பதை அவளைப்போல் கவனிக்கிறவர் அந்த முகாமில் வேறு யாரும் இல்லை. தன் மனம் எங்கே போய்விட்டது என்பது வாசகர் எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அந்தப் பெண் எப்போது விழித்துக்கொள்வாள் என்பதுதான் எனக்கு மர்மம். சிரிப்பும் காதலும் திகிலும் இந்த ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பதால், நீ கேட்பதுபோல் சிரிப்பை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது.

நித்யா, மாலை 6.41
உண்மைதான், பெரியம்மா. அருங்காட்சியகத்தில் அவர்கள் முதன்முதலில் சந்திக்கும் இடத்திலேயே இரண்டு பேரும் கத்துகிறார்கள். சண்டை முடிந்து வெளியே வரும்போது அமெலியா மிகவும் உற்சாகமாக இருக்கிறாள். எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வசதி உள்ளவள் திருமணம் என்றாலே ஏன் இப்படி முறைத்துக்கொள்கிறாள்?

கோமதி பெரியம்மா, மாலை 6.52
அதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1882இல் நிறைவேறி, 1883 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, தனி ஏற்பாடு ஏதும் செய்து வைக்காத பெண்ணின் பணமும் நகையும் தாலி ஏறிய அன்றே கணவன் கைக்குப் போய்விடும் (அவர்களுக்கு மோதிரம் என்று வைத்துக்கொள்). அந்த நிலையைப் பார்த்து வளர்ந்தவள், சட்டம் வந்த மறு ஆண்டே ஆண்களை நம்பிவிடுவாளா?

கார்த்திக் அண்ணா, மாலை 7.05
மாமா, இந்தக் கதையில் வேடிக்கைபோல் தோன்றும் பல செய்திகள் உண்மையானவை. எலிசபெத் பீட்டர்ஸ் என்பது புனைபெயர். தம் பிள்ளைகள் இருவரின் பெயர்களைச் சேர்த்து அதை வைத்துக்கொண்ட பார்பரா மெர்ட்ஸ், 1952இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெலியா என்ற பெயரும், அவள் நைல் நதியில் பயணம் செய்யும் 'ஃபிலே' என்ற படகின் பெயரும், 1870களில் அதே நதியில் பயணம் செய்து நூல் எழுதிய அமெலியா எட்வர்ட்ஸிடமிருந்து வந்தவை. எமர்சனிடம் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேய அகழாய்வாளரின் சாயல் நிறைய உண்டு. எல்லோரும் தங்கத்தைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கிக் குறிப்பெழுதிய மனிதர் பெட்ரி. அவர் 1891-92இல் எகிப்தின் அமர்னா என்ற இடத்தில் வண்ணம் தீட்டிய அரண்மனைத் தளம் ஒன்றைக் கண்டெடுத்தபோது, அது உதிராமல் இருப்பதற்காக மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, விரலால் மெல்லத் தடவிப் பூசினார். நாவலில் அந்த வேலை அமெலியாவின் கைக்கு வந்துவிடுகிறது.

நித்யா, மாலை 7.09
அந்தப் பூச்சு ஆசிரியரின் கற்பனை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கடந்து வந்துவிட்டேன்!

கோமதி பெரியம்மா, மாலை 7.13
பருத்திப் புடவைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி போடுகிற நமக்கு அதில் என்ன வியப்பு, நித்யா? அந்தத் தளத்தின் கதி தெரியுமா? பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் தன் பயிரை மிதித்தார்கள் என்று கோபப்பட்ட விவசாயி ஒருவர் 1912இல் அதைக் கொத்திப் போட்டுவிட்டார்.

செல்வம் மாமா, மாலை 7.26
அந்த விவசாயியின் கோபம்தான் இந்தப் புத்தகத்தில் எனக்குக் கிடைக்கவில்லை, அக்கா. 1882இல் ஆங்கிலேயர் படை புகுந்து பிடித்த நாடு அது. ஆனால் கதையில் வரும் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் மம்மிக்குப் பயந்து வேலையை விட்டு ஓடுகிறார்கள், இல்லையென்றால் அமெலியாவிடம் மருந்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆண்கள் விஷயத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவளுக்கு இது ஏன் கண்ணில் படவில்லை?

கோமதி பெரியம்மா, மாலை 7.40
நீ சொல்வது சரிதான், தம்பி. அவளுடைய அதிகாரத் தோரணையை ஆசிரியர் கிண்டல் செய்கிறார் என்பது உண்மையானாலும், முதல் நூலில் அந்தக் கிண்டல் ஆங்கிலேயர்களின் கூடாரத்தைத் தாண்டி வெளியே போகவில்லை. பின்னால் வரும் நூல்களில் மேஸ்திரி அப்துல்லா, அமெலியாவை நன்றாக எடைபோட்டு, அவளுக்கே புத்தி சொல்லக்கூடிய மனிதராக வளர்கிறார். அவர் பேசும் இடங்களை எமர்சனின் கூச்சலைவிட நான் விரும்பிப் படிப்பேன். ஆனாலும் முதல் நூலின் குறை குறைதான்.

நித்யா, மாலை 7.44
தலைப்பில் வரும் முதலை மட்டும் இன்னும் வரவில்லையே?

கார்த்திக் அண்ணா, மாலை 7.50
அது பழைய எகிப்தியக் காதல் பாட்டு ஒன்றில் கிடக்கும் முதலை. காதலி அக்கரையில் இருக்கிறாள், நடுவே ஆறு ஓடுகிறது, மணல்திட்டில் முதலை காத்திருக்கிறது. அவன் அஞ்சாமல் தண்ணீரில் இறங்குகிறான். காதலும் ஆபத்தும் சேர்ந்த கதைக்கு வேறு தலைப்பு எதற்கு?

கோமதி பெரியம்மா, மாலை 8.02
1975இல் வந்த இந்த நூலுக்குப் பிறகு, அடுத்தது 1981இல்தான் வந்தது. அதில் கணவன், மனைவி, பெரிய மனிதன்போல் பேசும் ஒரு சிறு பிள்ளை என்று வீடே மாறிவிடும்; நித்யா அதை வரிசைப்படி படிப்பதே நல்லது. தம்பிக்கு இதே ஆசிரியரின் இன்னொரு தொடரில் வரும் நாயகி விக்கி பிளிஸ் பொருந்துவாள் என்று தோன்றுகிறது. கலை வரலாறு படித்தவள், ஏறத்தாழ ஆறடி உயரம். தன் தோற்றத்தைப் பார்த்துவிட்டுத் தன் மூளையை யாரும் நம்புவதில்லை என்ற எரிச்சலை வைத்தே நம்மைச் சிரிக்க வைப்பாள். அந்தத் தொடரின் முதல் நூல் 1973இல் வந்தது. ஜெர்மனியின் பழைய கோட்டை ஒன்றில் காணாமற்போன சிற்பத்தைத் தேடும் கதை.

செல்வம் மாமா, மாலை 8.08
அதை எனக்கு அனுப்பி வையுங்கள், அக்கா. குற்றவாளி யார் என்பதை நூறு பக்கத்துக்குள் கண்டுபிடித்து இந்தக் குழுவிலேயே எழுதிவிடுகிறேன்.

நித்யா, மாலை 8.09
எழுதினால் குழுவிலிருந்து நீக்கப்படுவீர்கள், மாமா. இங்கே அட்மின் நான்தான்.