தைல மரக் கன்று வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது, மருந்து தூவலாமா?

மாதவரம் நாற்றங்கால்:
இங்கே சின்னதாக நாற்றங்கால் வைத்திருக்கிறேன். சவுக்கு, வேம்பு, தைல மரம் எல்லாம் பாலித்தீன் பையில்தான். இந்தத் தடவை தைலக் கன்று மட்டும் வளரவே மாட்டேன் என்கிறது, இலை வெளுத்து, காலையில் தண்ணீர் விட்டும் மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. பிடுங்கி வேரைக் கழுவினால் மிளகு அளவுக்கு முடிச்சுகள். மண் பக்கத்துக் கத்தரித் தோட்டத்தில் எடுத்தது, மணல் கொஞ்சம் தூக்கல். கடையில் குருணை மருந்து தூவச் சொல்கிறார்கள்.

மீஞ்சூர் சவுக்கு:
சார், சவுக்கு வேரிலும் உருண்டையாக இருக்குமே, தழைச்சத்து பிடிக்கிற முடிச்சு. அதுதான். பயப்படாதீர்கள்.

பொன்னேரிக்காரன்:
அண்ணே, சவுக்குக்கு அது சரி, பிராங்கியா என்கிற நுண்ணுயிர் பார்க்கிற வேலை. தைல மரத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. சவுக்கு முடிச்சு வேரின் பக்கவாட்டில் கொத்தாக ஒட்டி நிற்கும், இவர் சொல்வது வேரே வீங்கினது மாதிரி இருக்கிறது. வேருக்குள் புகுந்து அதை வீங்க வைக்கிற சின்னப் புழு, வேர்முடிச்சு நூற்புழுதான் என்று நினைக்கிறேன், கத்தரி, தக்காளி, வெண்டை போட்ட மணல் மண்ணில் அது தாராளமாக இருக்கும். முடிச்சை பிளேடால் பிளந்து லென்ஸில் பாருங்கள், குண்டூசித் தலையை விடச் சின்னதாக வெள்ளையாகப் பெண் புழு தெரியும். ஒன்று, தண்டின் அடியில் விதையிலை இருந்த இடத்தில் குமிழ் இருந்தால் அது இந்த மரத்துக்கு இயல்பு, அதை நோய் என்று எண்ணிக் கன்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

மாதவரம் நாற்றங்கால்:
பிளந்து பார்த்தேன், வெள்ளையாக இருக்கிறது. கன்றைக் காப்பாற்ற வழி உண்டா?

பொன்னேரிக்காரன்:
வேர் முழுக்க முடிச்சு என்றால் விட்டுவிடுங்கள். அதை நட்டால் புழுவையும் சேர்த்து நிலத்தில் நடுகிறீர்கள். ஒரு பெண் புழு சில நூறு முட்டை இடும், நம் ஊர் வெயிலில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும், அதனால் வீங்கின வேருக்குள் இருக்கும் புழுவுக்குக் குருணை தூவுவது காசுக்குக் கேடு. போரேட் எடுத்து நீட்டினால் வாங்கவே வேண்டாம், அது தடை செய்த மருந்து. கன்றை வேரோடு தீயில் எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள்.

எண்ணூர் தோட்டம்:
அடுத்த ஈடுக்கு மண்ணை நனைத்து, ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடி போலத் தெரியும் பாலித்தீன் தாளால் மூடி ஓரத்தை மண் போட்டு அடைத்து, கத்தரி வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாளில் அந்தச் சூடு ஏறாது. அப்புறம் வேப்பம் புண்ணாக்கு கலந்து இரண்டு வாரம் ஈரமாக வைத்துவிட்டு விதையுங்கள். பையைத் தரையில் நேராக அடுக்காதீர்கள், அடி ஓட்டை வழியாக வேர் இறங்கினால் தரையில் இருக்கும் புழு ஏறிவிடும்.

மீஞ்சூர் சவுக்கு:
சரி, அப்போது அந்தப் பழைய மண்ணை என் வீட்டுத் தக்காளிக்குப் போடலாமா?

எண்ணூர் தோட்டம்:
போடவே கூடாது அண்ணே, தக்காளிதான் அதற்குப் பிடித்த சாப்பாடு. வேண்டுமானால் செண்டுமல்லி போடுங்கள்.