தர்மசத்திரமும் பதிவேடும்: அகதிகள் விஷயத்தில் அரசு இரக்கம் காட்ட முடியுமா?

கேள்வி (தில்லி, மயூர் விஹாரிலிருந்து)

சென்ற ஞாயிறு ஆர்.கே.புரத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் கூடியிருந்தபோது எழுந்த வாதம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், நூற்று நாற்பது கோடி மக்களோடு நாமே திண்டாடும்போது உலகெங்கிலுமிருந்து வருபவர்களைத் தங்கவைக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று கருத்துத் தெரிவித்ததை நினைவுபடுத்தி ஒருவர் கொதித்துப் பேசினார். அவரிடமே, நம் ஊரில் மதன்பூர் காதர் பக்கம் குடிசைகளில் இருக்கும், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக்களைப் பற்றிக் கேட்டேன். ‘அது வேறு விஷயம், அவர்கள் சட்டவிரோதமாக நுழைந்தவர்கள்’ என்றார். தனுஷ்கோடியில் படகிலிருந்து இறங்கியவர்கள் விசா வாங்கிக்கொண்டா வந்தார்கள் என்றேன். அதற்குப் பிறகு யாரும் காபியைத் தொடவில்லை.

ஒரு மனிதர் இரங்குவதைப் போல ஓர் அரசு இரங்க முடியுமா? முடியும் என்றால், ஈழத் தமிழருக்காக நாம் கேட்கும் இரக்கத்தை மற்றவர்களுக்காகவும் கேட்க வேண்டாமா? இதைப் பற்றி நிதானமாக எழுதக்கூடியவர்கள் எழுதுங்கள்.

மறுமொழி 1 (ஜனக்புரி, மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர்)

முதலில் அந்த வழக்கைப் பற்றி. மனுதாரர் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவர். சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையைப் பத்து ஆண்டிலிருந்து ஏழாகக் குறைத்தபோதே, தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்தப் பின்னணியை விட்டுவிட்டுச் சத்திரம் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வது முறையல்ல.

இந்தியா 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. ஆயினும் 1959 இல் தலாய் லாமாவுடன் வந்தவர்களை ஏற்றது. 1971 இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சோறு போட்டது. எந்த உடன்படிக்கையும் கட்டாயப்படுத்தாமலேயே இவ்வளவு நடந்தது. சட்டமாக எழுதிவிட்டால் அரசின் கை கட்டப்பட்டுவிடும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு, அதுவரை ஈழத் தமிழருக்குத் திறந்திருந்த வீட்டுக் கதவுகள்கூட எப்படி மூடின என்பதை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும்.

மறுமொழி 2 (லட்சுமி நகர், வழக்கறிஞர்)

அளந்து போட வேண்டும் என்கிறார் ஐயா. சரி, ஆனால் அளக்கும் நாழி எங்கே இருக்கிறது? அடைக்கலம் கேட்டு வந்தவர் யார், எதற்கு அஞ்சி வந்தார், திருப்பி அனுப்பினால் அவருக்கு என்ன நேரும் என்று ஒவ்வொருவராக விசாரித்து முடிவு சொல்வதற்கான சட்டம் இந்த நாட்டில் இல்லை. திபெத்தியரையும் இலங்கைத் தமிழரையும் அரசு நேரடியாகக் கவனிக்கிறது. ஆப்கானியர், மியான்மர் நாட்டவர் போன்றோரை ஐ.நா. அகதிகள் ஆணையம் விசாரித்து ஓர் அட்டை தருகிறது. அந்த அட்டைக்கு என்ன மதிப்பு என்பது, அதை யாரிடம் நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நீதிமன்றத் தீர்ப்புகளும் ஒரே திசையில் செல்லவில்லை. 1996 இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில், அரசமைப்பின் 21 ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல என்று கூறிய உச்ச நீதிமன்றம், அவர்களை யாரும் பலவந்தமாக விரட்டாமல் காக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. 2021 இல் ஜம்முவில் பிடித்துவைக்கப்பட்டிருந்த ரோஹிங்கியாக்களின் வழக்கிலோ, நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை 19 ஆம் பிரிவின் குடியிருக்கும் உரிமையோடு சேர்ந்தது, ஆகவே அது குடிமக்களுக்கே உரியது என்று சொல்லிவிட்டு, உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது.

ஐயா குறிப்பிடும் தாராளம் இப்போது ஆணைகளாகவும் கெடுதேதிகளாகவும் வருகிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் 2014 டிசம்பர் 31 என்ற தேதியையும் தகுதி வரம்பாக வைத்தது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குத் தந்தது. நல்லதுதான். ஆனால் 2022 இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது படகேறி வந்த குடும்பம் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. சசி தரூர் 2015 இல் மக்களவையில் கொண்டுவந்த அடைக்கலச் சட்ட முன்வரைவு தனிநபர் மசோதாவாகவே முடிந்துபோனது.

சத்திரம் என்ற சொல்லுக்கே வருகிறேன். (என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துச் சத்திரம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர்.) சத்திரத்தில்கூட வருகிறவர் பெயரை எழுத ஒரு பதிவேடு இருந்தது, இத்தனை நாள் தங்கலாம் என்ற விதி இருந்தது, இடமில்லை என்றால் அதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். நம்மிடம் அதுவும் இல்லை.

மறுமொழி 3 (முனிர்கா)

நான் 1993 இல் தமிழ்நாட்டில் ஒரு முகாமில் பிறந்தவன். கொள்ளுத் தாத்தா மதுரைப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964 இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக இருந்தது; அந்தக் கணக்கில் எங்கள் குடும்பம் சேரவில்லை. 1990 இல் படகில் வந்தபோது பூர்வீக மண்ணிலேயே அகதிகள் ஆனோம். 1987 ஜூலை 1 க்கு முன் பிறந்திருந்தால் இந்த மண்ணில் பிறந்ததே எனக்குக் குடியுரிமைக்குப் போதுமானதாக இருந்திருக்கும். 2003 திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோதக் குடியேறிகள் என்று கருதப்படுபவர்கள் விண்ணப்பிக்கும் வழியும் அடைபட்டது.

தமிழ்நாடு அரசைக் குறை சொல்ல மாட்டேன். 2021 இல் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆனது. என் அம்மாவுக்கு ஓட்டை ஒழுகாத கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் வேலைக்காகத் தில்லி வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு உரிமையாளரிடம் எங்கள் குடும்ப அடையாள அட்டையைக் கொடுத்தேன். நான்காக மடித்து மடித்து நடுவில் அப்பாவின் முகத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இது எந்த மாநிலத்து அட்டை?’ என்று கேட்டார். நான் சொன்ன பதிலைக் கேட்டதும் மிகவும் மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். இது மூன்றாவது வீடு. இரக்கப்படாதவர்கள் என்று அவர்களில் யாரையும் சொல்ல முடியாது. ஒருவர் டீ கூடக் கொடுத்தார். நான்காவதாகப் பார்த்திருக்கும் வீட்டில், தில்லியில் சொந்த முகவரி உள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள்.

மறுமொழி 4 (போகல்)

சுருக்கமாக ஒன்று. எங்கள் தெருவில் ஆப்கானியர் தந்தூர்க் கடை இருக்கிறது. மாலையில் நீள நானை வரிசையில் நின்று வாங்குகிறோம். நடந்து போகும் தூரத்தில், பாராபுலா வடிகால் ஓரத்தில், மதராஸி முகாம் என்ற தமிழர் குடிசைப் பகுதி இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றில் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை என்று முடிவானது. இவர்கள் இந்தியக் குடிமக்கள், நம் ஆட்கள். அவர்களிடமும் கேட்கப்பட்டது காகிதம்தான். ஆகவே அகதிக்கு ஒரு நியாயம், குடிமகனுக்கு ஒரு நியாயம் என்று பிரித்துப் பேசுபவர்கள் அந்த வடிகால் ஓரத்தை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

மறுமொழி 5 (ஜனக்புரி, மேலே முதலில் எழுதியவர்)

வழக்கறிஞர் சொல்லும் விசாரணை முறை வந்தால் அதை எதிர்க்க மாட்டேன். பாதுகாப்புச் சோதனை அதில் முதல் படியாக இருக்க வேண்டும் என்பேன். மற்றபடி என் கருத்தில் பெரிய மாற்றமில்லை. முனிர்காத் தம்பிக்கு: குடும்ப அடையாள அட்டையோடு அந்த 2025 ஆணையின் அச்சுப்படியையும் எடுத்து வையுங்கள், உங்கள் குடும்பம் பதிவான தேதி அதற்குள் வரும். கையெழுத்து விஷயமாக, சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.