பேக்கேஜ் என்பதற்குப் 'பொதி': ஈமாக்ஸை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

ஈமாக்ஸ் என்னும் எடிட்டரில் பேக்கேஜ் (கூடுதல் வசதி தரும் நிரல்கட்டு) நிறுவுவது எப்படி என்று புதியவர்களுக்காக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். பேக்கேஜுக்கு வழக்கம்போல 'தொகுப்பு' என்றே எழுதினேன். மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் வந்து நின்றது: "தொகுப்பியில் தொகுப்பை நிறுவும்போது அது தொகுக்கப்படும்." எடிட்டர், பேக்கேஜ், கம்பைல் மூன்றுக்கும் ஒரே வேர். நிறுவும்போதே லிஸ்ப் என்ற நிரல்மொழிக் கோப்புகளை ஈமாக்ஸ் கம்பைல் செய்து (வேகமாக ஓடும் வடிவத்துக்கு மாற்றி) வைப்பதால் அந்த வாக்கியத்தைத் தவிர்க்கவும் வழியில்லை. படித்துப் பார்த்த தம்பி ஒருவர், "இதில் நான் எதைத் தொகுக்கணும் அண்ணா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தமிழ் விக்கிப்பீடியாவால் 'தொகு' என்றாலே எடிட் என்று எல்லாருக்கும் பழகிவிட்டது. அதை இனி அசைக்க வேண்டாம். விலக வேண்டியது பேக்கேஜ்தான். அதற்குப் 'பொதி' என்று முன்மொழிகிறேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. லினக்ஸ் தமிழாக்கங்களில் சிலர் முன்பே எழுதிய சொல்தான். பொதிமாடு என்கிறோம், பொருள் பொதிந்த பேச்சு என்கிறோம். கட்டிச் சுமந்து வருவது, உள்ளே அடக்கி வைத்திருப்பது என இரண்டு பொருளும் இதில் இருக்கின்றன. ஈமாக்ஸ் பேக்கேஜும் அப்படித்தான்: நிரல், அதன் பதிப்பு எண், வேறு எவையெல்லாம் வேண்டும் என்ற விவரம் எல்லாம் ஒரே கட்டாக வருகின்றன. பொதிப்பட்டியல், பொதிக்களஞ்சியம் என்று கூட்டுச்சொற்களும் தடங்கலில்லாமல் அமைகின்றன. 'சிப்பம்' என்பதையும் யோசித்தேன். ஆனால் அதைக் கேட்டதும் அரிசி மண்டிதான் நினைவுக்கு வருகிறது. வலைப்பின்னலில் பாக்கெட்டையும் (அனுப்பப்படும் தரவுத் துண்டு) பொதி என்பவர்கள் உண்டு. அதைப் பொட்டலம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

'செருகுநிரல்' (பிளகின்) போதாதா என்று கேட்பீர்கள். ஃபயர்பாக்ஸ் போன்றவற்றுக்கு அது சரி. ஈமாக்ஸின் பெரும்பகுதியே ஈலிஸ்ப் என்ற அதன் சொந்த லிஸ்ப் வகையில் எழுதப்பட்டது. நாம் நிறுவும் மேகிட் என்ற பொதியும் அதே மொழியில், அதே அணுகல் உரிமையோடு ஓடுகிறது. செருகுவதற்கென்று தனியாக ஒரு துளை அங்கே இல்லை. 'துணைநிரல்' (ஆட்-ஆன்) என்பதிலும் எனக்கு இதே தயக்கம்தான்.

அடுத்தது டிபெண்டென்சி, அதாவது ஒரு பொதி இயங்கத் தேவைப்படும் வேறு பொதி. இதற்குச் 'சார்பு' என்று எழுதுகிறோம். பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' படித்த பிள்ளைக்குச் சார்பு என்றால் ஃபங்ஷன். பக்கத்துக்குப் பக்கம் ஃபங்ஷன் வருகிற ஈலிஸ்ப் குறிப்பில் இந்தக் குழப்பம் வேண்டாமே. பொதியை எழுதுபவர் கோப்பின் தலைப்பில் 'பேக்கேஜ்-ரிக்வயர்ஸ்' என்ற வரியில்தான் இவற்றைப் பட்டியலிடுகிறார். ஆகவே 'தேவைப்பொதி' என்று வைக்கலாம்.

இந்தச் சொற்களைப் போட்டு மாற்றி எழுதியது இது:

"மெட்டா-எக்ஸ் (பெரும்பாலும் ஆல்ட் விசையோடு எக்ஸ்) அழுத்தி, லிஸ்ட்-பேக்கேஜஸ் என்று தட்டுங்கள். பொதிப்பட்டியல் திறக்கும். வேண்டிய பொதியின் வரியில் ஐ விசையை அழுத்திக் குறியிடுங்கள். எக்ஸ் விசையை அழுத்தினால் நிறுவப்படும். அதன் தேவைப்பொதிகளும் கூடவே இறங்கும். கோப்பு கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், உங்களிடம் இருக்கும் பட்டியல் பழையதாக இருக்கலாம். பேக்கேஜ்-ரெஃப்ரெஷ்-கன்டென்ட்ஸ் கட்டளையால் அதைப் புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள்."

பேக்கேஜ் வசதி ஈமாக்ஸோடு சேர்ந்தே வரத் தொடங்கியது 2012இல், 24ஆம் பதிப்பில். கட்டளைப் பெயர்களை நாம் மாற்ற முடியாது. அவற்றைச் சுற்றியுள்ள விளக்கமாவது தெளிவாக இருக்கட்டும்.

ஒரு சொல்லில் மட்டும் உங்கள் உதவி தேவை. பட்டியலில் 'பில்ட்-இன்' என்றொரு நிலை வருகிறது. 'உள்ளமைந்த' என்று எழுதினேன், பிடிக்கவில்லை. ஆர்க்-மோட் என்ற பொதி ஈமாக்ஸோடே வருகிறது. ஆனால் அதன் புதிய பதிப்பைக் களஞ்சியத்திலிருந்து தனியாகவும் நிறுவலாம். உள்ளமைந்தது என்றால் பிரிக்கவே முடியாதது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'உடன்வந்த' என்பது பொருந்துமா?