பண்டமாற்றுக்கு வரி உண்டா, இல்லையா?

கணக்கன்:
"மாநில அரசு தன் அதிகாரத்தை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தால் போதும்; நெல்லுக்குத் துணி, துணிக்கு உழைப்பு என்று மாற்றிக்கொண்டு தற்சார்பாக வாழலாம்; பணம் புழங்காத இடத்தில் வரியும் இல்லை" என்று நெய்தல் எழுதியதைப் படித்துவிட்டு வாளாவிருக்க மனம் வரவில்லை. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 7ஆம் பிரிவில், விற்பனையோடு பண்டமாற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வரி இல்லை என்பது பொய்.

நெய்தல்:
ஐயா, சட்டம் படித்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்லர். தம் நிலத்தில் விளைந்ததை வழங்கும் உழவர் வரிக்குப் பதிவு செய்யவே வேண்டியதில்லை என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணையில் வேளாண்மை, குடிநீர், சிறுதொழில் உள்ளிட்ட 29 பொருள்கள் ஊராட்சிகளுக்கென்றே வகுக்கப்பட்டிருக்க, அந்த அட்டவணையைச் சேர்த்த 1992ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் திட்டமும் நிதியும் கோட்டையிலிருந்துதானே இறங்கி வருகின்றன? அதைப் பற்றி ஒரு சொல்லாவது எழுதினீர்களா?

கணக்கன்:
உழவருக்கு விலக்கு உண்டு, யார் மறுத்தார்கள்? நெல்லை வாங்கிக்கொண்டு துணி கொடுப்பவர் உழவரா என்பதே கேள்வி. பண இலாபம் இல்லாவிட்டாலும் அது வணிகம்தான் என்று சட்டம் வரையறுத்துள்ளது. கொடுத்த துணிக்குச் சந்தை மதிப்பிட்டு, வரியை ரூபாயில்தான் கட்டவேண்டும். ஒன்றிய, மாநில அதிகாரப் பங்கீட்டை ஆராய்ந்த ராஜமன்னார் குழுவைப் பற்றிய முந்தைய விவாதத்திலும், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு நீங்கள் வேறெங்கோ போனீர்கள். அதை நான் மறக்கவில்லை.

தறிக்காரர்:
ஆண்டு வரவு 20 இலட்சத்தைத் தொடாத சிறு நெசவாளர் உள்ளூரில் கொடுத்து வாங்கப் பதிவு தேவையில்லை. இருவரும் வீணாக மல்லுக்கு நிற்கிறீர்கள். பாவுக்கும் (நீள இழை) ஊடைக்கும் (குறுக்கிழை) வேண்டிய நூல் ஆலையிலிருந்து வருகிறது. சாயமும் அப்படியே. ஆலைக்காரர் நெல்லை வாங்கிக்கொண்டு நூல் கொடுப்பாரா? அதற்கு வழி சொல்லுங்கள்.

நெய்தல்:
அதற்குத்தான் பணத்துக்குப் பதிலாக ஊருக்குள் செல்லுபடியாகும் சீட்டு. ஆஸ்திரியாவின் வோர்கல் நகராட்சி 1932இல் அப்படிச் சீட்டு வெளியிட்டுச் சாலை போட்டது. 1933இல் அதை நிறுத்தியது மத்திய வங்கி, மக்கள் அல்லர்.

கணக்கன்:
பண்டமாற்றில் தொடங்கியவர் சீட்டுக்கு வந்துவிட்டார்! நாணயமும் செலாவணியும், ஒன்றிய அரசு மட்டுமே சட்டம் இயற்றக்கூடிய ஒன்றியப் பட்டியலின் 36ஆம் பதிவு. மாநிலச் சட்டமன்றம் அதைத் தொடவே முடியாது. அர்ஜென்டினாவில் 1995இல் தொடங்கிய பண்டமாற்று மன்றங்களும் சீட்டை நம்பித்தான் வளர்ந்தன. 2002இல் கள்ளச்சீட்டு பெருகி, கையில் இருந்த சீட்டுக்கு மதிப்பில்லாமல் ஏழைகளே நட்டப்பட்டார்கள். அது கிடக்கட்டும். வரி உண்டா, இல்லையா?

நெய்தல்:
அர்ஜென்டினாவில் அதே வேளையில் வங்கிக் கணக்குகளை முடக்கியது அந்நாட்டு அரசு. அதை ஏன் மறைக்கிறீர்கள்? உழவருக்கு வரி இல்லை. எத்தனை முறை கேட்டாலும் என் விடை இதுவே.

கணக்கன்:
நான் கேட்டது துணி கொடுப்பவரைப் பற்றி. 7ஆம் பிரிவை மறுபடியும் படியுங்கள்.

தறிக்காரர்:
நூலுக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.