வாஃபரின் போடுற வீட்டில முசுட்டை வறை

மாங்குளம் பிள்ளை:
அம்மாவுக்கு இதய வால்வு மாத்தினது. ரத்தம் உறையாமல் இருக்க வாஃபரின் குளிசை போடுறா. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற ஐ.என்.ஆர். அளவு 2.5க்கும் 3.5க்கும் இடையில நிக்கவேணும் எண்டு கிளினிக் கொப்பியில எழுதியிருக்கு. வெயில் காலத்தில சொன்ன இடத்தில நிக்கும். மாரி துவங்கி வேலியெல்லாம் முசுட்டைக் கீரை படர்ந்திட்டால் இறங்கும். போன மாரியில 1.8. "குளிசையை மறந்திட்டியளோ அம்மா?" எண்டு கிளினிக்கில கேட்டதுக்கு அம்மா அண்டு முழுக்க ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. பக்கத்து வீட்டு மாமி, தேங்காயெண்ணெய்தான் ரத்தத்தைத் தடிக்கப்பண்ணுது, சோயா எண்ணெய்க்கு மாறுங்கோ எண்டா. மாறியும் ஏறேல்ல. ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

பழைய மருந்தாளர், புதுக்குடியிருப்பு:
தங்கச்சி, எண்ணெய் ரத்தத்தைத் தடிக்கப்பண்ணும் எண்ட கதையை முதலில ஒரு பக்கம் வையுங்கோ. வாஃபரின் மறிக்கிறது விற்றமின் கே-யின்ர வேலையை. ஈரல் செய்யிற உறைவுக் காரணிகள் 2, 7, 9, 10 ஆகிய நாலும் வேலைக்கு வாறதுக்கு அந்த விற்றமின் வேணும். முசுட்டை, முருங்கையிலை, பொன்னாங்காணி எண்டு மழையோட இலைக்கறி கூட, விற்றமினும் கூடும், ஐ.என்.ஆர். இறங்கும். குளிசை மறக்காமலே இறங்கும், அம்மாவிட்டச் சொல்லுங்கோ. இது கொழுப்பில கரையிற விற்றமின். டென்மார்க்கில ஹென்றிக் டாம் கொழுப்பு நீக்கின தீனி போட்ட கோழிக்குஞ்சுகள் உள்ளுக்கு ரத்தம் கசியிறதைக் கண்டுதான் இது இருக்குது எண்டு பிடிச்சவர். 1943 நோபல் பரிசு அதுக்குத்தான். எங்கட வறையில தேங்காய்ப்பூ தாராளமா விழுறதால உடம்பு அதை இன்னும் நல்லா உறிஞ்சும்.

இனி எண்ணெய். சோயா எண்ணெய் 100 கிராமில ஏறக்குறைய 180 மைக்ரோகிராம் விற்றமின் கே இருக்குது. நல்லெண்ணெயில அதில பத்தில ஒரு பங்கும் வராது. தேங்காயெண்ணெயில இல்லையெண்டே சொல்லலாம். நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி சோயா எண்டால் 50 மைக்ரோகிராம். ஒரு கோப்பை இலைக்கறிக்கு முன்னால அது சின்னக் கணக்குத்தான். ஆனா இரண்டும் ஒரே மாதத்தில கூடினால் ஐ.என்.ஆர். எப்பிடி ஏறும்? மாமி தள்ளினது நேர் எதிர்ப்பக்கம்.

அதுக்காகத் தேங்காயெண்ணெயை அள்ளி ஊத்தச் சொல்லேல்ல. அதில ஐஞ்சில நாலு பங்குக்கு மேல நிரம்பிய கொழுப்பு, எல்.டி.எல். எண்ட கெட்ட கொலஸ்ரரோலைக் கூட்டும். வருசக்கணக்கா நாடிச்சுவரில படிஞ்ச கொழுப்பு ஒருநாள் வெடிக்க, அந்த இடத்தில ரத்தம் உறையிறதுதான் மாரடைப்பு. அது வேற பாதை. உங்கட பிரச்சினைக்கு இலைக்கறியை வெட்டத் தேவையில்லை. வருசம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில சாப்பிடட்டும். டோஸை அதுக்கேற்ற மாதிரி கிளினிக்கில சரிக்கட்டுவினம்.

கரைவலை, முல்லைத்தீவு:
எங்கட ஐயாவுக்கு இதய நாடியில ஸ்டென்ட் வைச்சு, ரத்தம் கட்டியாகாமல் இருக்க அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் போகுது. கனடாவில இருந்து மருமகன் மீனெண்ணெய்க் குளிசை ஒரு பெரிய போத்தில் அனுப்பினார். "கடற்கரைக்காரனுக்கு மீனெண்ணெய் பிளேனில வருகுது" எண்டு ஐயாவுக்கு ஒரே சிரிப்பு. பிறகு கையில அங்கங்க நீலமாக் கண்டல், சவரம் எடுக்கேக்க வெட்டுப்பட்டால் துவாய் நனையும் வரைக்கும் நிக்காது. போத்திலையே டொக்டரிட்டக் கொண்டு போனம். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசிச்சுப்போட்டு, கண்டலுக்கு முதல் காரணம் அந்த இரண்டு குளிசையும்தான், இந்தளவு மீனெண்ணெய் பெரிசாச் செய்யாது, ஆனா கூட்டவேண்டாம் எண்டார். நாளுக்கு 4 கிராம் எண்ட கணக்கில பெரிய டோஸ் குடுத்துப் பார்த்த ஆய்வில இதயத்துடிப்பு ஒழுங்கு தப்பினது கொஞ்சம் கூடினதாம்.

நான் விடாமல் விளக்கம் கேட்டன். ரத்தம் உறையேக்க ஒண்டோடொண்டு ஒட்டுற சின்னத் துணிக்கைதான் குருதிச் சிறுதட்டு. அதின்ர சவ்வில அரக்கிடோனிக் அமிலம் எண்ட கொழுப்பு இருக்குதாம். அதில இருந்துதான் சிறுதட்டுகளை ஒட்டவைக்கிற துரொம்பொக்சேன் வரும். மீன் கொழுப்பு அந்த இடத்தைப் பிடிச்சால் வாற துரொம்பொக்சேன் வலுக்குறைஞ்சது. அஸ்பிரின் அதைச் செய்யிற நொதியத்தையே முடக்கும். 1970களில பாங், டயர்பெர்க் எண்ட இரண்டு டென்மார்க் வைத்தியர்கள் கடலுணவு நிறையச் சாப்பிடுற கிரீன்லாந்து இனுயிட் ஆக்களில ரத்தம் நிக்க எடுக்கிற நேரம் கூட எண்டு கண்டதும் இதாலதானாம். ஐயா இப்ப குளிசையை விட்டிட்டு கீரி மீனும் சூடை மீனும்தான்.

ஒட்டுசுட்டான் வயல்காரன்:
தலைப்புக்கு வெளியில போறன், மன்னிக்கவும். தம்பிக்கு அருவிவெட்டு நேரம் புடையன் பாம்பு கடிச்சது. ஆஸ்பத்திரியில ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில எடுத்து 20 நிமிசம் அசைக்காமல் வைச்சுச் சரிச்சுப் பார்த்தவை. உறையேல்ல, தண்ணி மாதிரி ஓடினது. வார்ட்டுக்குப் பார்க்க வந்த சனம், முதல்நாள் எண்ணெய்ப் பலகாரம் குடுத்ததாலதான் எண்டு வீட்டுக்காரியைப் பிடிச்சு ஏசினது. விசம் உறைவுக் காரணி 5ஐயும் 10ஐயும் ஒரேயடியா முடுக்கிவிட, உறையிறதுக்கான பைபிரினோஜன் எண்ட புரதம் முடிஞ்சுபோகும். எண்ணெய்ப் பலகாரத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? விசமுறிவு மருந்து ஏத்தித்தான் தம்பி எழும்பினவன்.

மாங்குளம் பிள்ளை:
அண்ணை, எங்களுக்குக் கடல்மீன் வாறது குறைவு. வவுனிக்குளத்து ஜப்பான் மீன் (திலாப்பியா)தான். அதிலயும் அந்தக் கொழுப்பு இருக்குதோ? சோயாவை இண்டைக்கே நிப்பாட்டட்டோ?

பழைய மருந்தாளர், புதுக்குடியிருப்பு:
ஜப்பான் மீனில அந்தக் கொழுப்பு, ஒமேகா 3 எண்டுறது, சொற்பம். புரதத்துக்கு நல்ல மீன், சாப்பிடுங்கோ. எண்ணெயை நினைச்ச மாதிரி மாத்தாதேங்கோ. திடீரெண்டு சோயாவையும் இலைக்கறியையும் சேர்த்து நிப்பாட்டினால் ஐ.என்.ஆர். மேல ஏறி ரத்தம் கசியும், அது இன்னும் கரைச்சல். இப்ப 1.8இல நிண்டால் அதுவும் வால்வுக்குப் பாதுகாப்பில்லை, அடுத்த திகதி வரைக்கும் பாத்துக்கொண்டிராமல் கிளினிக்குக்குப் போங்கோ. எண்ணெய் மாத்தின திகதியையும், கிழமைக்கு எத்தினை நாள் வறை எண்டதையும் கொப்பியில எழுதிக் காட்டுங்கோ.