புதுப்பிப்பு: டஸ்கனிக்கு நீர்வண்ணமே எடுத்துச் சென்றேன்

இத்தாலியின் டஸ்கனிக்குக் குழுவாக வரையச் செல்லும்போது எண்ணெய் வண்ணம் எடுத்துச் செல்வதா, நீர்வண்ணமா என்று முன்பு கேட்டிருந்தேன். எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் அதற்கு அனுமதியில்லை. எண்ணெய் ஓவியம் காயவோ நாட்களாகும். எனவே நீர்வண்ணத்தையே எடுத்துச் சென்றேன், அதில் வருத்தமில்லை.

2004-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட ஓர்ச்சா பள்ளத்தாக்கில், பியென்சா ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் ஒன்பது பேர் தங்கினோம். படங்களில் கண்ட பச்சைக் குன்றுகளை எதிர்பார்த்திருந்த எனக்கு, கோதுமை அறுவடை முடிந்து உழுது போட்டிருந்த செப்டம்பர் மண்ணின் பழுப்பும் சாம்பலும் முதல் நாள் ஏமாற்றமாகவே இருந்தன. (பச்சை வேண்டுவோர் ஏப்ரல், மே மாதங்களில் செல்வது நல்லது.) ஆனால் சியெனா நகரின் பெயரைத் தாங்கிய இரு வண்ணங்கள், அதாவது மஞ்சள் கலந்த காவியும் அதைச் சுட்டுப் பெறும் செங்காவியும், அந்த நிலத்துக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது.

நண்பகல் வெயிலில் வண்ணம் தாளில் பரவும் முன்பே உலர்ந்துவிட்டதால், காலையிலும் மாலையிலும் மட்டுமே வெளியில் வரைந்தோம். தேர்ந்தவர்கள் நடுவே கூச்சப்படுவேனோ என்றும் அப்போது எழுதியிருந்தேன். சைப்ரஸ் மரங்களை அனைவருமே முதலில் கரிக்கட்டைபோல் தீட்டிக் கெடுத்ததில் அந்தக் கூச்சம் போய்விட்டது.